மாணவியரே தேர்ந்தெடுத்தனர்

பொண்ணைத் திட்டாதீங்கம்மா. ஒட்டுக் கேக்கல, தப்பா எடுத்துக்காதீங்க. பக்கத்துல உக்காந்திருக்கேன், நீங்க போன்ல போட்ட சத்தம் டிரைவருக்கே கேட்டிருக்கும். பாட்டில்ல ஊத்திக் குடுத்த தண்ணியை அப்படியே திருப்பிக் கொண்டாந்துட்டா, அதானே? எத்தனாவது படிக்கிறா? ஏழாவதா. அது சேட்டை இல்லம்மா. திமிரும் இல்ல. வீட்டுக்குப் போனதும் உங்க ஸ்கூல்ல பாத்ரூம் எப்படி இருக்குன்னு அவகிட்ட முதல்ல கேளுங்க. கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க.

எப்படித் தெரியும்னு பாக்குறீங்க. டீச்சர்ம்மா நான். சயின்ஸ் டீச்சர், இருபத்தியோரு வருஷ சர்வீஸ், பேரு தமயந்தி. ஸ்கூல் பேரு வேண்டாம். சாத்தூர்ல இருந்து உள்ள போகணும், எய்டட் ஸ்கூல், பொம்பளைப் பிள்ளைங்க மட்டும். அந்த விஷயமாத்தான் இன்னிக்குக் கலெக்டர் ஆபீசுக்கு வந்துட்டுப் போறேன். வயிறு எரியுது. யாருகிட்டயாவது சொல்லலைன்னா மண்டை வெடிச்சிரும். சாத்தூர் வர இன்னும் அரை மணி நேரம் இருக்குல்ல? கேளுங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, என் மேல என்ன தப்புன்னு.

போன மே மாசம் மதுரையில எங்களுக்கு அஞ்சு நாள் பயிற்சி. மாணவர் மையக் கற்பித்தல்னு பேரு. எங்க ஸ்கூல்ல இருந்து மூணு பேர் போனோம். மத்த ரெண்டு பேரும் காலைல கையெழுத்தைப் போட்டுட்டு ஜவுளிக்கடைக்குப் போயிட்டாங்க. நான் அஞ்சு நாளும் உக்காந்து ஒரு நோட்டு முழுக்க எழுதுனேன். ஏன்னா எனக்கு வெறுத்துப் போச்சும்மா. நான் பேசுறேன், அவங்க எழுதுறாங்க. நான் சொன்னதையே பரீட்சையில எனக்குத் திருப்பிக் குடுக்குறாங்க. அதுக்கு நானே மார்க் போடுறேன். என் குரலை நானே திருத்திக்கிட்டு இருக்கேன். இது ஒரு பொழப்பா?

ஜூன்ல ஸ்கூல் திறந்ததும் ஒன்பதாம் வகுப்புல பெஞ்சையெல்லாம் வட்டமாப் போட்டேன். டீச்சர் மேஜையைத் தூக்கி வராண்டாவுல வச்சேன். எங்க எச்.எம். மரகதம் மேடம் வந்து பாத்துட்டு, "என்ன டீச்சர், பந்தி பரிமாறப் போறீங்களா?"ன்னாங்க. பக்கத்து ரூம் தமிழம்மா சத்தம் தாங்கலைன்னு கதவைச் சாத்துனாங்க. சாத்துனா சாத்தட்டும். எனக்கென்ன.

பிள்ளைங்ககிட்டச் சொன்னேன். "இனிமே நான் பேச மாட்டேன். நீங்க கேளுங்க. என்ன தெரிஞ்சுக்கணும்னு நீங்க முடிவு பண்ணுங்க. அதை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னும் நீங்களே முடிவு பண்ணுங்க." சொல்லிட்டு உக்காந்துட்டேன். நாப்பத்தியாறு பிள்ளைங்க. ஒருத்தி வாயைத் திறக்கணுமே! ஃபேன் சத்தம் மட்டும்தான் கேக்குது. எட்டு நிமிஷம். கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே இருந்தேன். நான் எட்டு நிமிஷம் பேசாம இருக்குறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது. சிரிக்கிறீங்க. சிரிங்க.

அப்பத்தான் ஒருத்தி எந்திரிச்சா. பாண்டிமீனா. அப்பா இல்ல, அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குத் தீக்குச்சி அடுக்கப் போறவங்க. அதுவரைக்கும் வருகைப் பதிவுல "உள்ளேன் டீச்சர்"ங்கிறதைத் தவிர அவ குரலை நான் கேட்டதில்ல.

"டீச்சர், எதை வேணாலும் கேக்கலாமா?"

"எதை வேணாலும்."

"கேட்டா மார்க்கைக் கொறைக்க மாட்டீங்களே?"

கிளாஸே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். அன்னிக்குச் சாயங்காலம் என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், இருபத்தியோரு வருஷத்துல இன்னிக்குத்தான் கிளாஸ் எடுத்திருக்கேன்னு. அவர் பேப்பர்ல இருந்து தலையைத் தூக்கல. ஆனா நான் சொன்னது நிஜம். அந்த ரெண்டு மாசமும் அப்படி இருந்துச்சும்மா. வெங்காயத்தை உரிச்சா ஏன் கண்ணு எரியுதுன்னு ஒருத்தி, பட்டாசுத் திரி தண்ணிக்குள்ளயும் எரியுமான்னு ஒருத்தி. அவங்களே கேட்டு, அவங்களே தேடி, அவங்களே வந்து சொன்னாங்க. நான் ஓரமா உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். என் வேலை அம்புட்டுதான். தலையிடக்கூடாது. டிரெயினிங்ல அடிச்சுச் சொன்னது அதைத்தான்.

ஆகஸ்ட்ல சிறுநீரகப் பாடம் வந்துச்சு. குழுவுக்கு ஒரு கேள்வி எடுத்துக்கோங்கன்னு சொன்னேன். பாண்டிமீனாவும் இன்னும் நாலு பேரும் ஒரு குழு. அவங்க எடுத்த கேள்வி என்ன தெரியுமா? "நம்ம ஸ்கூல்ல ஒரு நாளைக்கு யார் யார் எவ்வளவு தண்ணி குடிக்கிறாங்க?" அவ்வளவுதான். இதுல என்ன வில்லங்கம் இருக்கு? எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. எழுதிக்கோங்கடி, போய்க் கேளுங்கன்னேன்.

ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் முந்நூத்திப் பன்னெண்டு பிள்ளைங்க. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல ஒவ்வொரு கிளாஸா போய், ஒவ்வொருத்தியாக் கேட்டு எழுதியிருக்காளுக. பத்து நாள். பத்து நாளும் சாப்பிட்டும் சாப்பிடாம. கடைசியில கூட்டிப் பாத்தா, காலைல மணி அடிச்சதுல இருந்து சாயங்காலம் மணி அடிக்கிற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணிகூடக் குடிக்காதவங்க இருநூத்தி அம்பத்தியோரு பேர். சோத்துக்கு விக்கினா ஒரு மடக்குக் குடிக்கிறவங்க முப்பத்தெட்டு. நல்லாக் குடிக்கிறவங்க இருபத்திமூணு. அந்த இருபத்திமூணு பேருக்கும் வீடு ஸ்கூலுக்குப் பக்கம், மத்தியானம் போயிட்டு வந்துருவாங்க.

ஏன் குடிக்கலைன்னு அடுத்த கேள்வி. நான் சொல்லிக் குடுக்கலம்மா, அவங்களாக் கேட்டது. எட்டு கக்கூஸ். மூணு உடைஞ்சு கெடக்கு. மூணு திறந்திருக்கு, அதுல ஒண்ணுக்குத் தாழ்ப்பாள் கெடையாது, கூட்டாளியைக் கதவைப் பிடிச்சுக்கச் சொல்லணும். பத்து மணிக்கு மேல குழாய்ல தண்ணி வராது. அப்புறம் மாசத்துல மூணு நாள் லீவு போடுற பிள்ளைங்க எத்தனை பேருன்னு ரெஜிஸ்டரைப் பாத்து எண்ணியிருக்காளுக. அதை ஏன் கேக்குறீங்க, உங்களுக்குத் தெரியாததா.

மீதி ரெண்டு? அது பூட்டியிருக்கும். ஸ்டாஃபுக்கு. சாவி ஆபீஸ்ல ஒண்ணு, எங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒண்ணு. என்கிட்டயும்தான் இருக்கு. இல்லாம எப்படி? எட்டு பீரியட் நிக்கிறவங்கம்மா நாங்க.

அந்தக் குழுவுல ஒரு பிள்ளை என்கிட்டயே வந்து கேட்டா, "டீச்சர், நீங்க ஸ்கூல்ல எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"ன்னு. ரெண்டு லிட்டர்னு சொன்னேன். எழுதிக்கிட்டுப் போயிட்டா. கணக்குல சேத்தாங்களா என்னன்னு தெரியல.

நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு தெரியுது. இருங்க, முடிச்சிடறேன்.

செப்டம்பர்ல அறிவியல் கண்காட்சி. எல்லாக் குழுவும் ஒரு சார்ட் வைக்கணும். பாண்டிமீனா முதல் நாள் சாயங்காலம் என்கிட்ட வந்தா. "டீச்சர், இதை வச்சா ஏதாச்சும் ஆகுமா?"ன்னு கேட்டா. நான் என்ன சொல்லணும்? வைன்னும் சொல்லல. வைக்காதன்னும் சொல்லல. "உங்க குழு, உங்க முடிவு. நான் தலையிட மாட்டேன்"னேன். அதுதானே முறை? வைக்காதன்னு சொல்லியிருந்தா நான் சர்வாதிகாரி. வைன்னு சொல்லியிருந்தா தூண்டிவிட்டவ. அஞ்சு பேரும் மரத்தடியில உக்காந்து அரை மணி நேரம் பேசினாளுக. வச்சாளுக.

மறுநாள் தாளாளர் வந்தார். ரெண்டு மில்லு இருக்கு அவருக்கு, வெள்ளை வேட்டி, கூட நாலு பேர். எரிமலை பாத்தார், காத்தாடி பாத்தார், கைதட்டினார். இந்தச் சார்ட்டுக்கு வந்தார். பாண்டிமீனா குச்சியை வச்சுக்கிட்டு விளக்கினா பாருங்க. ஒரு பயம் இல்ல, ஒரு திணறல் இல்ல. இருநூத்தி அம்பத்தியொண்ணு சார், முப்பத்தெட்டு சார், இருபத்திமூணு சார். சுத்தி நின்ன அம்மாமார்கள்ல ஒருத்தி, "ஆமாய்யா, எம் புள்ளையும் வீட்டுக்கு ஓடியாந்து பைகூடக் கழட்டாம கொல்லைக்குத்தான் போறா"ன்னு ஆரம்பிச்சா. அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் பத்துப் பேர். எவனோ செல்போன்ல பிடிச்சிருக்கான். தாளாளர் சிரிச்ச முகமாத்தான் நின்னார். "நல்லாப் பேசுறியேம்மா. யாரு சொல்லிக் குடுத்தா?"ன்னார்.

"யாரும் சொல்லிக் குடுக்கல சார். நாங்களாக் கண்டுபிடிச்சோம்."

உண்மையைச் சொல்றேன், இருபத்தியோரு வருஷத்துல எனக்கு அப்படி ஒரு நிமிஷம் கிடைச்சதில்ல.

அது சனிக்கிழமை. திங்கக்கிழமை முதல் பீரியட்லயே எச்.எம். ரூமுக்குக் கூப்பிட்டாங்க. அந்த வீடியோ ஊரெல்லாம் சுத்தியிருக்கு. தாளாளர் உக்காந்திருக்கார். இப்ப சிரிப்பு இல்ல.

"யாரு டீச்சர் இந்தப் பிள்ளைங்களை ஏவி விட்டது?"

நான் சொன்னேன், "யாரும் ஏவல சார். இது மாணவர் மையக் கற்பித்தல். கேள்வியை அவங்கதான் எடுத்தாங்க. நான் சொல்லல."

"அப்ப எழுதிக் குடுங்க"ன்னாங்க எச்.எம். பேப்பரை நீட்டினாங்க. எழுதினேன். "மேற்படி ஆய்வுக்கான கேள்வியை மாணவியரே தேர்ந்தெடுத்தனர். இதில் எனது தூண்டுதல் ஏதுமில்லை." கையெழுத்து, தேதி. பேரெல்லாம் போடுங்கன்னாங்க. அஞ்சு பேரையும் போட்டேன். வரிசை எண் போட்டுத்தான் எழுதுவேன் நான், பழக்கம். ஒண்ணு, பாண்டிமீனா.

அதுல ஒரு வார்த்தை பொய்யா? நீங்களே சொல்லுங்க. அவங்கதானே தேர்ந்தெடுத்தாங்க? நான் தூண்டினேனா? டிரெயினிங்ல என்ன சொன்னாங்க, கற்றலுக்குப் பிள்ளைகளே பொறுப்புன்னு சொன்னாங்களா இல்லையா? அதைத்தானே எழுதினேன்? எனக்கு வீட்டுக் கடன் இருக்கு, என் பையன் காலேஜ்ல இருக்கான், அதெல்லாம் அந்த நிமிஷம் நான் நெனைக்கவே இல்ல. உண்மையை மட்டும்தான் நெனைச்சேன்.

அந்தப் பேப்பரை வச்சுக்கிட்டு எச்.எம். என்ன செஞ்சாங்க தெரியுமா? அஞ்சு பிள்ளைங்க வீட்டுக்கும் ஆள் அனுப்பிட்டாங்க. மறுநாள் அஞ்சு அம்மாமாரும் வராண்டாவுல நிக்கிறாங்க. ஒவ்வொருத்தரையும் உள்ள கூப்பிட்டு என் எழுத்தைக் காட்டி, "பாருங்க, உங்க டீச்சரே எழுதிக் குடுத்திருக்காங்க, இது உங்க பிள்ளைங்க செஞ்ச வேலைன்னு." நான் அதுக்கா எழுதினேன்? நான் எதுக்கு எழுதினேன், அவங்க எதுக்கு எடுத்துக்கிட்டாங்க! கேட்டதும் ஓடிப்போய்த் தடுக்கணும்னுதான் இருந்துச்சு. ஆனா அன்னிக்கு எனக்குப் பத்தாவதுக்கு ரிவிஷன் டெஸ்ட் இருந்துச்சு. நான் போக முடியல.

நாலு பேர் அழுது மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டாளுக. அவங்க அம்மாமாரு அங்கேயே வச்சு ரெண்டு அடியும் போட்டிருக்காங்க. பாண்டிமீனா மட்டும் எழுத மாட்டேன்னுட்டா. எச்.எம். கேட்டிருக்காங்க, "ஏன்டி, உனக்கு மட்டும் என்ன?" இவ சொன்னாளாம், "எண்ணிக்கை தப்புன்னா சொல்லுங்க மேடம், திரும்ப எண்ணிப் பாக்குறேன்."

திரும்ப எண்ணிப் பாக்குறாளாம்! அவ அம்மாகிட்டச் சொந்த விருப்பத்தின் பேரில்னு எழுதி வாங்கிட்டு டி.சி.யைக் குடுத்துட்டாங்க. கால் வருஷப் பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கு. அந்த அம்மா ஒரு நாள் கூலியை விட்டுட்டு வந்து அந்தப் பேப்பரை வாங்கிக்கிட்டுப் போனாங்க.

என் கிளாஸ் வாசல்ல அவளைப் பிடிச்சேன். பை தோள்ல கெடக்கு. "ஒரு சாரி சொல்லித் தொலைச்சிருக்கலாம்லடி?"ன்னேன்.

"எதுக்கு டீச்சர்?"

"எதுக்காவது!"

என்னையே பாத்துக்கிட்டு நின்னா. கோவமாப் பாத்திருந்தாக்கூடப் பரவாயில்லம்மா. பாடம் புரியாத பிள்ளை பாக்குமே, அப்படிப் பாத்தா. அப்புறம் அவ அம்மா கூப்பிட்டதும் போயிட்டா.

எனக்கு இப்ப நெனைச்சாலும் கோவம் வருது. எச்.எம். மேல வருது, தாளாளர் மேல வருது, அந்த நாலு அம்மாமாரு மேல வருது. "நீங்க சும்மா இருந்திருக்கலாம் டீச்சர்"னு துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து சொன்ன தமிழம்மா மேல வருது. இவ மேலயும் வருது. ஏன் வராது? ஊர்ல இருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளி கவர்மென்ட் ஸ்கூல்ல இப்பப் படிக்கிறா, பஸ் பிடிச்சுப் போறா. யாருக்கு நஷ்டம்? எனக்கா?

எனக்கும்தான். கேளுங்க. ஒரே மாசத்துல எட்டு கக்கூசும் சரியாயிருச்சு. எட்டும்! டைல்ஸ் ஒட்டி, தாழ்ப்பாள் போட்டு, மோட்டார் வச்சு, வாசல்ல கல்லுல தாளாளர் பேரு. திறப்பு விழாவுல எச்.எம். பேசினாங்க, மாணவியரின் நலனே எங்கள் மூச்சுன்னு. இவ பேரும் இல்ல, என் பேரும் இல்ல. பிள்ளைங்க இப்பத் தண்ணி குடிக்கிறாங்க. பாட்டிலைக் காலி பண்ணிட்டு இன்டர்வெல்ல திரும்பப் பிடிக்கிறாங்க.

ஆனா என் கிளாஸ் செத்துப் போச்சும்மா. பெஞ்சு வட்டமாத்தான் கெடக்கு. "கேளுங்க பிள்ளைங்களா"ன்னு சொல்லிட்டு உக்காருவேன். ஒரு நாள் பீரியட் முழுக்க உக்காந்திருந்தேன், நாப்பது நிமிஷம். கடைசியில முன்னால இருக்குற ஒரு பிள்ளை மெதுவா, "டீச்சர், நோட்ஸ் குடுத்திருங்க டீச்சர். எழுதிக்கிறோம்"ன்னா. அன்னிக்குத்தான் மேஜையை வராண்டாவுல இருந்து உள்ள தூக்கிப் போட்டேன். அவங்களுக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்? அவங்களைப் பேச விட்டேன். நான்தானே பேச விட்டேன்? வேற எவளாவது விட்டாளா அந்த ஸ்கூல்ல?

சாத்தூர் இன்னும் வரலல்ல? சரி, நேரம் இருக்கு.

பாண்டிமீனா சும்மா இருக்கலம்மா. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாள்ல அவளே எழுதி, அவளே வரிசையில நின்னு, அவளே குடுத்திருக்கா. என்னை ஸ்கூலை விட்டு அனுப்பினது சரியான்னு விசாரிங்கன்னு. பதினாலு வயசு! அதுக்குத்தான் இன்னிக்கு விசாரணை, குழந்தைகள் பாதுகாப்பு ஆபீஸ்ல. எச்.எம்.மையும் என்னையும் வரச் சொல்லிக் கடிதம்.

காலைல தாளாளர் வீட்டுக் கார்ல கூட்டிக்கிட்டுப் போனாங்க. ஏசி. பாதி வழியில எச்.எம். ஒரு பேப்பரை எடுத்துக் குடுத்தாங்க, டைப் அடிச்சது. நான் என்ன சொல்லணும்னு அதுல இருக்கு. முதல் கேள்விக்கு இது, ரெண்டாவதுக்கு இது. "நல்லா மனப்பாடம் பண்ணிக்கோங்க டீச்சர், உளறிடாதீங்க"ன்னாங்க. எனக்கு! எனக்கு டிக்டேஷன்! இருபத்தியோரு வருஷம் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்தவளுக்கு என் பதிலை டைப் அடிச்சுக் குடுக்குறாங்க. அதுலயும் என் பேருல எழுத்துப் பிழை. தமையந்தின்னு அடிச்சிருக்கு. அப்படியே மடிச்சுப் பையில வச்சேன்.

விசாரிச்ச அதிகாரி சின்னப் பொண்ணு, முப்பது வயசுகூட இருக்காது. ஒரு நீள மேஜை. இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் பாண்டிமீனாவும் அவ அம்மாவும். புது ஸ்கூல் யூனிஃபார்ம்ல வந்திருந்தா. அதிகாரி என் கடிதத்தைச் சத்தமாப் படிச்சாங்க. இது நீங்க எழுதினதான்னாங்க. ஆமான்னேன். எல்லாம் உண்மையான்னாங்க. ஒவ்வொரு வார்த்தையும்னேன். அப்புறம் அவளைப் பாத்துக் கேட்டாங்க, "டீச்சர் எழுதினது சரியாம்மா?"

"சரிதான் மேடம். நாங்கதான் தேர்ந்தெடுத்தோம். டீச்சர் ஒண்ணும் சொல்லல."

பாத்தீங்களா? அவளே சொல்லிட்டா. எச்.எம். என் தொடையில லேசாத் தட்டினாங்க. எனக்கு மூச்சு வந்துச்சு.

"ஆனா ஒண்ணு விட்டுப் போச்சு மேடம்"னா. பக்கத்துல ஒரு சுருள் வச்சிருந்தா. அந்தச் சார்ட். அதை எப்படி எடுத்துக்கிட்டுப் போனாளோ தெரியல, கண்காட்சி முடிஞ்சு குப்பையில போட்டிருப்பாங்கன்னு நான் நெனைச்சுக்கிட்டு இருந்தேன். மேஜை மேல விரிச்சா. நாலு மூலைக்கும் நாலு ஃபைலை வச்சா. கீழ் ஓரத்துல விரலை வச்சுக் காட்டினா.

"மிக நன்று." சிவப்பு மையில. என் கையெழுத்து. கண்காட்சிக்கு முந்தின நாள் தேதி.

இதை உங்ககிட்ட நான் சொல்லல, இல்ல? மறந்துட்டேன்மா. நிஜமாவே மறந்துட்டேன். ஒரு நாளைக்கு நூறு நோட்டுத் திருத்துறேன், எதுல என்ன போட்டேன்னு யாருக்கு ஞாபகம் இருக்கு? எல்லாச் சார்ட்லயும்தான் போடுவேன். எரிமலைக்கும் போட்டேன், காத்தாடிக்கும் போட்டேன். ஆனா அவ அதை எடுத்து வச்சிருக்கா பாருங்க!

அந்த அதிகாரிப் பொண்ணு என் கடிதத்தை எடுத்துச் சார்ட்டுக்குப் பக்கத்துல வச்சுச்சு. ரெண்டு கையெழுத்தும் பக்கத்துல பக்கத்துல. ஒண்ணு சிவப்பு, ஒண்ணு நீலம். "இதுக்கு என்ன சொல்றீங்க டீச்சர்?"ன்னுச்சு.

டைப் அடிச்ச பேப்பர்ல இதுக்குப் பதில் இல்ல. எச்.எம். என் காதுகிட்ட வந்து, "பழக்கத்துல போட்டேன்னு சொல்லுங்க, படிச்சே பாக்கலைன்னு சொல்லுங்க"ன்னாங்க. பாருங்க அந்தம்மாவை! நான் படிக்காமக் கையெழுத்துப் போடுறவளா? நான்? ஒவ்வொரு எண்ணையும் கூட்டிப் பாத்துட்டுத்தான் போட்டேன். முந்நூத்திப் பன்னெண்டு சரியா வருதான்னு ரெண்டு தடவை கூட்டினேன். எனக்கு அப்படி ஒரு கோவம் வந்துச்சு. "படிச்சேன்"னு சொன்னேன். சத்தமாச் சொல்லிட்டேன். "படிச்சேன் மேடம். கூட்டிப் பாத்தேன். நல்லா இருந்துச்சு. அதனாலதான் போட்டேன். எண்ணிக்கையில ஒரு தப்பும் இல்ல. கண்காட்சியில வைக்கப் போறாங்கன்னு எனக்குத் தெரியும்."

அந்தப் பொண்ணு எழுதிக்கிச்சு. என் கையெழுத்தை வாங்கிக்கிச்சு. இப்ப எத்தனை கையெழுத்து ஆச்சு, மூணா?

பிள்ளையைத் திரும்பச் சேத்துக்கணும்னு ஸ்கூலுக்கு எழுதுறோம்னு சொல்லியிருக்காங்க. இவகிட்டக் கேட்டாங்க, "போறியாம்மா?"ன்னு. "யோசிச்சுச் சொல்றேன்"னா. அம்மாவைக்கூடத் திரும்பிப் பாக்கல.

வெளியில வந்தா கார் இல்ல. எச்.எம். ஏறிப் போயிட்டாங்க. சாப்பாட்டுப் பை என்னோடது கார்லயே போயிருச்சு. அம்பது வயசை நெருங்குறேன், என்னை ரோட்டுல விட்டுட்டுப் போறாங்க. நான் என்ன கேட்டேன், சிம்மாசனமா கேட்டேன்? வெயில்ல அந்த ஸ்டாப்ல நின்னேன். அவளும் அவ அம்மாவும் அங்கதான் நின்னாங்க. பத்தடி தள்ளி. நானும் போகல, அவங்களும் வரல. இந்த வண்டி வந்துச்சு. அவங்க முன்வாசல்ல ஏறினாங்க, நான் பின்னால ஏறினேன்.

ஆமா. இந்த வண்டிலதான். அந்தா, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, ரெட்டை ஜடை. தோள்ல சாஞ்சு தூங்குறது அவ அம்மா. எட்டிப் பாக்காதீங்க, அவ கண்ணாடியில பாத்துருவா.

நான் ஏன் போய்ப் பேசணும்? நான் பெரியவ. அவதான் வரணும். வந்தா நாலு கேள்வி கேப்பேன். அந்தச் சார்ட்டை எடுத்து வச்சவ, அன்னிக்கே என்கிட்ட வந்து காட்டியிருக்கலாம்ல? "டீச்சர், நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அப்படி எழுதியிருப்பேனா? எழுதியிருப்பேனான்னு கேக்குறேன். நீங்க ஏன் பேசாம இருக்கீங்க?

சாத்தூர் வந்துருச்சா. அவங்க எந்திரிச்சுட்டாங்க. முன்வாசல் வழியா எறங்கட்டும், நான் அப்புறமா... ஏன் இங்கிட்டு வர்றா? அவ அம்மா எறங்கிட்டாங்க, இவ ஏன் பின்னால வர்றா?

"டீச்சர், சாத்தூர் வந்துருச்சு."

"தெரியுது. கண்ணு இருக்கு எனக்கு. நீ போ."

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"நாளைக்கு ஸ்கூல்ல உங்களை என்ன செய்வாங்க?"





"தெரியலடி."

பாத்தீங்களாம்மா, கேக்குறதை? கண்டக்டர் விசில் அடிச்சும் நகராம, நின்னு கேக்குறா. சரி, காலை நகட்டுங்க, நான் எறங்கணும். விலகுடி, வர்றேன்.